கடற்காகத்தின் கால்

அத்தியாயம் 9

சுத்தக்காரர் மூக்கைப் பொத்தியிருந்த கைக்குட்டையைக் கொஞ்சம் விலக்கி, பயந்து பயந்து ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தார். அடுத்த நொடியே மறுபடியும் பொத்திக்கொண்டார்.

"வாயால மூச்சு விடுங்க அத்தான்," என்றான் மச்சான். "நான் அப்படித்தான் விடறேன். என்ன, நாக்குல கொஞ்சம் ருசி தெரியுது."

"வாயை மூடுடா."

"மூடினா மூக்கால இழுக்கணுமே!"

துப்பறிகிற தொழிலுக்கும் சுத்தத்துக்கும் ஏழாம் பொருத்தம். ஆனால் இந்த மனிதர் பஸ்ஸில் கம்பியைத் தொடமாட்டார். அடுத்தவர் பேனாவை வாங்கமாட்டார். யாராவது கை குலுக்க நீட்டினால் அவசரமாகக் கும்பிடு போட்டுத் தப்பித்துக்கொள்வார். ஊரே சுத்தக்காரர் சுத்தக்காரர் என்று கூப்பிட்டு, பெற்றவர்கள் வைத்த பெயர் காணாமலே போய்விட்டது. அவருக்கு உதவியாளாக வந்து வாய்த்தவன் மனைவியின் தம்பி. டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவன். ஏறுகிற ஆட்களையெல்லாம் கிண்டல் செய்தே தொழிலைத் தொலைத்துவிட்டு, அக்காளின் சிபாரிசில் அத்தானிடம் ஒட்டிக்கொண்டான்.

இருவரும் கடலோரத்தில் மரக்கட்டைகளால் கட்டிய பறவை பார்க்கும் டவரின் உச்சியில் நின்றிருந்தார்கள். எதிரே, உரக்கக் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், மணலும் கொடியும் மூடிய ஒரு சின்னத் தீவு. போன வாரம் வரைக்கும் அங்கே மணல் தெரியாத அளவுக்கு ஆலாக்கள் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, காது கிழியக் கத்திக்கொண்டிருந்தன. ஆலா என்றால் புறாவைவிட ஒல்லி. வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, கத்தரிக்கோல் வால். இப்போது ஒன்றுகூட இல்லை. வெயிலில் வெந்த முட்டைகளும் அழுகிய குஞ்சுகளும்தான் மிச்சம். அந்த நாற்றத்தோடு, கரையில் இருந்த மீன் கழுவும் கொட்டகைகளின் நாற்றமும் சேர்ந்துகொண்டது.

நடந்தது இதுதான். போன வாரம் ஒரு காலையில் யாரோ தீவில் இறங்கியிருக்கிறார்கள். ஆலாக்கள் மொத்தமும் கூட்டை விட்டு எழும்பின. அந்த நேரத்துக்காகவே காத்திருந்த கடற்காகங்கள் இறங்கின. கடற்காகத்துக்கு ஆலாவைப் போல இரண்டு மடங்கு உடம்பு. மீன் கிடைத்தால் மீன், கிடைக்காவிட்டால் அடுத்தவன் பிள்ளை. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தப்பிய ஆலாக்கள் தீவையே கைவிட்டுப் போய்விட்டன.

"டீ எடுத்துக்குங்க சார்."

தீவைக் காக்கிற காவலர் படியேறி வந்து இரண்டு கண்ணாடி டம்ளர்களை நீட்டினார். பறவைச் சங்கத்தின் சம்பளத்தில், டவருக்குக் கீழே சங்கம் கொடுத்த ஒற்றை அறை வீட்டில் குடியிருக்கிறவர். டம்ளரின் விளிம்பில் வெள்ளையாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. அது என்னவென்று சுத்தக்காரர் யோசித்தார். யோசித்திருக்கக் கூடாது.

"இப்பத்தான் குடிச்சேன்," என்று பொய் சொன்னார்.

"எனக்கு அத்தானோடதும் குடுங்க," என்று மச்சான் இரண்டையும் வாங்கிக்கொண்டான்.

கீழே காவலரின் மனைவி பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பாத்திரத்தையும் அவள் போட்ட சத்தத்தில் சங்கத்தின் மீதிருந்த கோபம் முழுதும் தெரிந்தது.

"இன்னிக்கு சாயங்காலம் சங்கத்துல கூட்டம்," என்றார் காவலர். "நான் படகுல ஆளை ஏத்திக்கிட்டுப் போய் தீவுல விட்டேன்னு முடிவு பண்ணிட்டா, நாளைக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. அன்னிக்கு எனக்கு வார லீவு சார். மச்சினன் வீட்டுல இருந்தேன். படகு சாவி என் இடுப்புல இருந்துது. சொந்தக்காரன் சாட்சி செல்லாதாம்."

"அன்னிக்கு உங்களுக்கு லீவுன்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

"சங்கத்துல எல்லாருக்கும் தெரியும்."

"படகு இல்லாம தீவுக்குப் போக முடியாதா?"

"அலை வாங்கி தண்ணி இறங்கறப்ப நடந்தே போகலாம், முழங்கால் அளவுதான். ஆனா யார் போவா? மீன் கொட்டகைக் கழிவு மொத்தமும் அந்த வாய்க்கால்லதான் வந்து விழுது. மனுஷன் கால் வைப்பானா அதுல?"

சுத்தக்காரர் அந்த வாய்க்காலைப் பார்த்தார். பச்சையும் கறுப்புமாக, மேலே கொப்புளம் விட்டுக்கொண்டு கிடந்தது.

அவரை இந்த வேலைக்கு அமர்த்தியது சங்கத்தின் தலைவியம்மா. கல்லூரி முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்ன கதையில் குழப்பமே இல்லை. சங்கத்து உறுப்பினரான பல் டாக்டர் எடுத்த ஒரு படம் பத்திரிகையில் அரைப்பக்கம் வந்து, போட்டிக்கும் போயிருக்கிறது. கடற்காகம் ஒன்று ஆலாக் குஞ்சை விழுங்குகிற படம். டாக்டரைத் தீவில் இறக்கிவிட்டது காவலர். ஆதாரத்தைக் கொண்டுவர வேண்டியது சுத்தக்காரர். செயற்குழு வற்புறுத்தியதால்தான் துப்பறிவாளரை வைப்பதாகவும், தனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை என்றும் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். போகிற போக்கில், கடற்காகம் பறக்கும்போது காலை இறகுக்குள் பொதித்துக்கொள்ளும் என்று பாடமும் எடுத்திருந்தார்.

"படத்துல இருக்கற கடற்காகம் எது?" என்று காவலரைக் கேட்டார்.

"அதோ அந்தப் பாறை மேல ஒரு வாரமா உக்காந்திருந்துச்சே, அதுதான். முதுகு கருஞ்சாம்பல் நிறம். கால் மஞ்சளா இருந்தா தெருவுக்கு நாலு கிடைக்கிற சாதாரணப் பறவை. கால் ரோஸ் கலரா இருந்தா எங்கேயோ வடகோடிக் கடல்ல இருந்து வழி தவறி வந்தது, இந்தக் கரையில யாருமே பார்த்ததில்லையாம். சங்கமே டவர்ல குடியிருந்துச்சு சார். டெலஸ்கோப்பும் கேமராவுமா. பாறையைச் சுத்தி கொடி அடர்த்தியா இருக்கே, கால் மட்டும் தெரியலை. ஆளாளுக்குப் புலம்பல்."

"கல்யாணத்துக்குப் பொண்ணு பார்க்கறப்பகூட இவ்வளவு நேரம் காலைப் பார்க்கமாட்டாங்க," என்றான் மச்சான்.

"அப்புறம் பார்த்தாங்களா?"

"எங்கே! அன்னிக்குக் காலையில வயிறு முட்டத் தின்னுட்டுப் போனது, திரும்பவே இல்லை."

மச்சான் அதற்குள் கீழே இறங்கிவிட்டான். கரையோரக் கூழாங்கல் மேட்டில், தீவிலிருந்து தப்பிய சில ஜோடி ஆலாக்கள் மறுபடியும் முட்டையிட்டிருந்தன. செல்போனில் ஒரு படம் பிடிக்கலாமே என்று கிட்டே போனான். போனதுதான் தாமதம். அத்தனையும் கிளம்பி வந்து அவன் தலையைக் குறிவைத்தன. ஒன்று கொத்தியது. இரண்டாவது கொத்தியது. மூன்றாவது, கொத்துவதைவிடச் சிறந்த வழி ஒன்று தெரிந்தது போல, நெற்றியில் வெள்ளையாக அடித்துவிட்டுப் போனது.

"அத்தான்! கண்ணு! கண்ணு போச்சு!"

பதறிப்போய்ச் செருப்பைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். அப்போதுதான் சுத்தக்காரர் அதைக் கவனித்தார். பறவைகள் தலையை விட்டுவிட்டன. செருப்பைக் கொத்தின. எது உயரமாக இருக்கிறதோ அதைத்தான் அவை அடித்தன. மச்சான் செருப்பைக் கொடி போல ஏந்தியபடி, முகத்தில் ஒழுகுவதைத் துடைக்கவும் கை இல்லாமல் பின்வாங்கினான்.

அதே நேரம், எங்கிருந்தோ ஒரு கடற்காகம் நடந்தே வந்தது. அவசரமே இல்லை அதற்கு. காலியாகக் கிடந்த கூட்டில் தலையை விட்டு ஒரு முட்டையை எடுத்து விழுங்கிவிட்டு, அலகைக் கல்லில் தேய்த்துத் துடைத்தது.

"போச்சு!" என்றார் காவலர். "அவ்வளவுதான் சார். தாய் எழும்பின ஒரு நிமிஷம் போதும்."

மச்சான் ஏறி வந்தபோது அவன் முகத்தில் கிண்டல் எதுவும் மிச்சமில்லை. "ஒரு போட்டோவுக்குப் போய்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டான். சுத்தக்காரர் தன் கைக்குட்டையை அவனிடம் கொடுத்தார். திருப்பிக் கேட்கவில்லை.

* * *

பல் டாக்டரின் கிளினிக்கில் மருந்து வாடை சுத்தமாக, இதமாக இருந்தது. சுத்தக்காரர் உட்கார்ந்தவுடன் பாதி உயிர் திரும்பி வந்தது. நிமிர்ந்து பார்த்தார், வந்த உயிர் அப்படியே போய்விட்டது.

எதிர்ச்சுவர் முழுவதும் அந்தப் படம். கடற்காகத்தின் அலகுக்கு வெளியே ஒரு குஞ்சின் இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. கழுத்து விழுங்குகிற வேலையில் உருண்டையாகப் புடைத்திருந்தது. மார்புக்குக் கீழே கொடி மறைத்திருந்தது. பின்னால் நீலமாக, துடைத்துவிட்டது போல வெறும் ஆகாயம். படத்துக்கு அடியில், வலிக்கிற கன்னத்தில் கையை வைத்தபடி மூன்று நோயாளிகள்.

"பல்லு புடுங்க வந்தவனுக்கு இதைக் காட்டினா மயக்க ஊசி மிச்சம்," என்று மச்சான் காதைக் கடித்தான்.

டாக்டர் உள்ளே கூப்பிட்டார். வெள்ளைக் கோட்டு, வெள்ளைப் பல், வெள்ளைச் சிரிப்பு.

"நான் தீவுல கால் வைக்கவே இல்லை," என்றார். "என் சொந்தப் படகு. கடல் பக்கமா நிறுத்திக்கிட்டு, பெரிய லென்ஸ்ல எடுத்தேன். காவலரை நான் பார்த்தே மாசக்கணக்காச்சு. தலைவியம்மாவுக்கு என் படத்து மேல வயித்தெரிச்சல். அவங்களும் ஆயுசுக்கும் கேமராவைத் தூக்கிக்கிட்டு அலையறாங்க, அரைப்பக்கம் வந்ததில்லை."

"படம் அருமையா இருக்கு," என்றார் சுத்தக்காரர். அந்தப் பொய்க்காக நாக்கைக் கழுவிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. "ஒரு சந்தேகம். இதுல அம்மாக்கள் எங்கே?"

"யாரோட அம்மா?"

"குஞ்சோட அம்மா. பக்கத்துக் குஞ்சுங்களோட அம்மா. தீவு முழுக்க இருந்த அத்தனை அம்மா. காலையில என் மச்சான் கிட்டே போனதுக்கே தலையைப் பிச்சு எடுத்துட்டுதுங்க. ஒரு கடற்காகம் உள்ளே வந்து குஞ்சை விழுங்கிட்டிருக்கு. ஆகாயத்துல ஒரு இறகுகூட இல்லையே டாக்டர்? அத்தனையும் எங்கே போயிருந்துச்சு?"

டாக்டர் சிரிப்பை மறந்தார். பல் மட்டும் தெரிந்தது.

"நானே சொல்றேன். கடற்காகத்தைவிடப் பெரிய எதிரி ஒருத்தன் தீவுக்குள்ள நின்னான். எல்லாம் அவன் தலைக்கு மேல இருந்துச்சு. அதனாலதான் உங்களுக்கு இவ்வளவு சுத்தமான நீல ஆகாயம் கிடைச்சுது. அந்த ஆள் நீங்களா, இல்லை நீங்க பார்த்த ஆளா?"

"சத்தியமா நான் இல்லை." டாக்டரின் குரல் இறங்கிவிட்டது. "ஒரு குடையைப் பார்த்தேன். கறுப்புக் குடை. கொடிக்கு நடுவுல அது மட்டும்தான் தெரிஞ்சுது, ஆள் தெரியலை. அதுக்கு மேல ஆலாக் கூட்டம் புகை மாதிரி. குடையையே கொத்திக்கிட்டிருந்துச்சுங்க."

"நீங்க ஒரு சத்தம் போட்டிருந்தா அந்த ஆள் ஓடியிருப்பான். பறவைங்க கூட்டுக்குத் திரும்பியிருக்கும்."

டாக்டர் கையுறையை இழுத்து இழுத்து விட்டார்.

"ஏன் போடலை?"

"வெளிச்சம்... நல்லா விழுந்துக்கிட்டிருந்துது."

வெளியே ஒரு நோயாளி இருமினான். சுத்தக்காரருக்குத் தீவின் நாற்றமே தேவலை என்று தோன்றியது. அங்கே அழுகியது அழுகியதாகவே நாறியது. இங்கே அதற்கு மருந்து வாடை பூசியிருந்தார்கள்.

"சாயங்காலம் கூட்டத்துக்கு வாங்க," என்று எழுந்தார். "நான் என்ன சொன்னாலும் ஆமாம்னு சொல்லுங்க. மாட்டேன்னா, அந்த வெளிச்சக் கதையை நான் அப்படியே எல்லாருக்கும் சொல்லிடுவேன்."

தெருவுக்கு வந்ததும் மச்சான் கேட்டான். "குடைன்னா ஊர்ல எல்லார்கிட்டயும் இருக்கே அத்தான்?"

"வெயிலுக்குப் பிடிச்ச குடை இல்லைடா அது. ஆலா உயரமா இருக்கறதைத்தான் கொத்தும்னு தெரிஞ்சு, தலைக்குப் பதிலா கொடுத்த குடை. அதைத் தெரிஞ்சவங்க அந்தச் சங்கத்துலதான் இருப்பாங்க."

"அப்ப படகு?"

சுத்தக்காரர் குனிந்து, பளபளவென்று பாலிஷ் போட்ட தன் ஷூவை ஒரு முறை ஆசையாகப் பார்த்துக்கொண்டார்.

* * *

அலை வாங்கியிருந்தது. வாய்க்காலில் முதல் அடி வைத்தபோது சகதி அவர் காலைப் பிடித்து உள்ளே இழுத்து, பிறகு பெரிய மனது பண்ணி விட்டது. மீன் குடல், செதில், தலை, கண். ஒரு கண் அவரையே பார்த்தது. பாதி வழியில் நின்று, காலையில் சாப்பிட்டதை வாய்க்காலிடம் ஒப்படைத்தார்.

"பரவாயில்லை அத்தான், வித்தியாசமே தெரியலை," என்று பின்னாலிருந்து ஆறுதல் சொன்னான் மச்சான்.

தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. சகதி இழுத்ததே தவிர, ஆளை விழுங்கவில்லை. படகும் வேண்டாம், சாவியும் வேண்டாம். இந்தத் தீவுக்குப் பூட்டு என்று இருந்தது ஒன்றே ஒன்று: அருவருப்பு. அதைத் தாண்டுகிற அளவுக்கு ஒரு வெறி இருந்தால் போதும்.

தீவில் அவர் கால் வைக்க இடம் தேடித் தேடி நடந்தார். இறந்த குஞ்சுகளின் மேல் ஈக்கள் மொய்த்தன. எறும்புகள் வரிசையாக வேலை செய்தன. வாடை கண்ணைக் கரித்தது.

"இங்க பாருங்க அத்தான்." மச்சான் கொடிகளைக் காட்டினான். வாய்க்காலிலிருந்து ஒரு தடம், மிதிபட்டு முறிந்து காய்ந்த கொடிகளாக நீண்டுபோனது. கூடுகளைச் சுற்றிக்கொண்டு போகவில்லை. நடுவாகவே, முட்டைகளின் மேலேயே போயிருந்தது. தடம் முடிகிற இடத்தில் ஆள் நீளத்துக்குக் கொடி நசுங்கியிருந்தது. யாரோ குப்புறப் படுத்திருக்கிறார்கள்.

சுத்தக்காரர் அந்த இடத்தில் குந்தி, கன்னம் மணலில் படுகிற அளவுக்குக் குனிந்தார். அங்கே கன்னத்தை வைப்பது அவருக்கு எப்படியிருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எதிரே, கொடிகளின் சந்து வழியாக, பாறையில் பறவை கால் ஊன்றுகிற இடம் தெளிவாகத் தெரிந்தது. கடற்காகம் ஒரு வாரம் உட்கார்ந்திருந்த பாறை. டவரிலிருந்து பார்த்தால் கொடி மறைக்கிற அந்த இடம்.

வெகு நேரம் அப்படியே இருந்தார். எழுந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"என்ன அத்தான்? மறுபடியும் வாந்தியா?"

"குஞ்சைப் படம் பிடிக்க வந்த ஆள் இல்லைடா இது. திருட வந்த ஆளும் இல்லை." மணலைத் தட்டிவிட்டுக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. "இவ்வளவும் ஒரு காலுக்காக. அது என்ன கலர்னு பார்க்கறதுக்காக."

* * *

சங்கத்தின் கூட்ட அறையில் நீள மேஜை, வெள்ளை விரிப்பு, சுவரெங்கும் கண்ணாடிக்குள் பறவைப் படங்கள். செயற்குழுவினர் கூடியிருந்தார்கள். காவலர் கதவோரம் நின்றார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. தலைவியம்மா நடுவில் உட்கார்ந்து, பூப்போட்ட பீங்கான் கோப்பைகளில் தேநீர் தரச் சொன்னார். கஞ்சி போட்ட புடவை, வெட்டிவிட்ட நகம், கோணாத வகிடு. வேறு ஒரு நாளாக இருந்தால் சுத்தக்காரர் மனசுக்குள் கைதட்டியிருப்பார்.

"ரிப்போர்ட்டைச் சொல்லுங்க," என்றார் தலைவியம்மா. அவருடைய பார்வை சுத்தக்காரரின் பேண்ட்டில் காய்ந்திருந்த சகதி மேல் ஒரு கணம் நின்று, நகர்ந்தது.

"டாக்டர் தீவுல இறங்கலை. படகுல இருந்துதான் எடுத்திருக்கார். அதனால காவலர் அவரைக் கூட்டிட்டுப் போனார்ங்கற பேச்சுக்கே இடமில்லை."

"அப்ப யார் இறங்கினதாம்?"

"அதுக்கு வர்றேன். முதல்ல ஒரு சந்தோஷமான விஷயம். படகு கடல் பக்கமா இருந்ததால, அந்தப் பறவையோட காலை டாக்டர் தெளிவாப் பார்த்திருக்கார். ரோஸ் கலர். வடகோடிக் கடல் பறவையேதான். இந்தக் கரையில முதல் முதலா அதைப் பார்த்தவர்னு டாக்டர் பேரைச் சங்கத்துப் பதிவுல சேர்த்துடலாம். என்ன டாக்டர்?"

டாக்டர் விரிப்பைப் பார்த்தபடி, "ஆமாம். ரோஸ்தான்," என்றார்.

மேஜையைச் சுற்றி ஒரே சலசலப்பு. ஒருவர் எழுந்து டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கவே ஆரம்பித்துவிட்டார். இன்னொருவர், படத்தில் கால் தெரியவில்லையே என்று இழுத்தார். பொறுப்பான மனிதர் கண்ணால் பார்த்தது போதாதா என்று மூன்றாவது ஆள் அடக்கினார்.

சுத்தக்காரர் யாரையும் பார்க்கவில்லை. தலைவியம்மாவின் கோப்பையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அது தட்டில் லேசாகக் கிடுகிடுத்தது.

"பேரை எழுதிடலாமா?" என்று கேட்டார்.

"எழுதக் கூடாது!" தலைவியம்மா எழுந்தே விட்டார். "பொய்! இந்த ஆள் பச்சைப் பொய் சொல்றார். அது ரோஸ் இல்லை. மஞ்சள். நல்ல மஞ்சள். சாதாரணப் பறவை அது!"

சலசலப்பு நின்றது.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" சுத்தக்காரர் மெதுவாகத்தான் கேட்டார்.

"நான்... டவர்ல இருந்து..."

"டவர்ல இருந்து தெரியாது. நான் இன்னிக்குக் காலையிலதான் நின்னு பார்த்தேன். ஒரு வாரம் இந்தச் சங்கமே தொண்டை வத்தப் புலம்பியிருக்கு."

"பறக்கறப்போ பார்த்தேன்."

"பறக்கறப்ப காலை வயித்து இறகுக்குள்ள பொதிச்சுக்கும்னு என்னை வேலைக்கு வச்ச அன்னிக்கு நீங்கதான் பாடம் எடுத்தீங்க. அந்தக் கால் தெரியற இடம் ஒண்ணே ஒண்ணுதான். தீவுக்குள்ள, பாறைக்கு எதிர்ல, குப்புறப் படுத்தா தெரியும். நானும் இன்னிக்குப் போய்ப் பார்த்துட்டுத்தான் வர்றேன்."

அந்த நேரம் பார்த்து, வாசலில் நிறுத்தி வைத்திருந்த மச்சான் உள்ளே நுழைந்தான். கையில் ஒரு கறுப்புக் குடை. பிடியில் சங்கத்தின் முத்திரை. "வாசல்ல குடை வைக்கற கூடையில இருந்துதுங்க. எல்லாக் குடையும் தூசி படிஞ்சு கிடக்கு. மழையே இல்லாத இந்த மாசத்துல இது ஒண்ணை மட்டும் சோப்புப் போட்டுத் தோய்ச்சிருக்காங்க. வாசனைகூட வருது."

விளக்குக்கு நேராகக் குடையை விரித்துப் பிடித்தான். வெள்ளை விரிப்பின் மேல் குடையின் நிழல் விழுந்தது. அந்த நிழலுக்குள் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். ஒன்றா இரண்டா? உச்சியைச் சுற்றிச் சல்லடையாக இருந்தது துணி. ஒவ்வொரு பொட்டும் ஒரு தாயின் கொத்து.

"தலைவியம்மாவுக்குன்னு நாம வாங்கிக் கொடுத்த குடை இல்லையா இது?" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

தலைவியம்மா உட்கார்ந்தார். அழவில்லை. "ஆயுசு முழுக்கத் தேடியிருக்கேன்," என்றார். "யாருமே பார்க்காத ஒண்ணை நான் முதல்ல பார்க்கணும்னு. ஒரே ஒரு தடவை. சீக்கிரமா போயிட்டு வந்துடலாம்னு நினைச்சேன். அது காலை வெளிய காட்டவே இல்லை. காத்துக்கிட்டே இருந்தேன். கடைசியில பார்த்தா... மஞ்சள்."

"உங்களைச் சுத்தி நடந்தது தெரியலையா?"

"கேட்டுது." கொஞ்சம் நிறுத்தினார். "எழுந்தா அது பறந்துடுமே."

"அதுக்கப்புறம் இவரை மாட்டிவிட்டீங்க," என்று மச்சான் கதவோரம் நின்ற காவலரைக் காட்டினான். இந்த முறை அவன் குரலில் விளையாட்டு இல்லை. "உங்க சகதியை இவர் மேல துடைச்சீங்க."

தலைவியம்மா காவலரைத் திரும்பிப் பார்க்கவில்லை. செயற்குழுவில் மூத்தவர் ஒருவர், தொண்டையைச் செருமிக்கொண்டு, காவலரின் வேலைக்கும் வீட்டுக்கும் எந்தப் பங்கமும் இல்லை என்று அறிவித்தார். காவலர் கும்பிட்டுத் தலையை ஆட்டினார். டாக்டர் நழுவப் பார்த்தார். "அந்தப் படத்தைப் போட்டியில இருந்து நீங்களே திரும்ப வாங்கிடுவீங்க, இல்லையா டாக்டர்?" என்றார் சுத்தக்காரர். டாக்டர் ஆமாம் என்றார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

சுத்தக்காரர் கிளம்பி வாசல் வரைக்கும் வந்துவிட்டார். பின்னால் அவசரமாகக் காலடிச் சத்தம். தலைவியம்மா. மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்து நின்றார். காவலரும் அப்படித்தான் நினைத்து ஒதுங்கி வழிவிட்டார்.

"ஒரே ஒரு விஷயம்," என்றார் தலைவியம்மா. கண்ணில் உண்மையான கவலை. "என் பேர் என்ன வேணா ஆகட்டும். ஆனா அந்தப் பதிவுல தப்பா ஏறிடப் போகுது. கால் மஞ்சள்தான். அதை மட்டும் கண்டிப்பாச் சொல்லிடுங்க."

சுத்தக்காரருக்கு வாய்க்காலில் வந்த குமட்டல் அப்படியே திரும்பி வந்தது. விறுவிறுவென்று படியிறங்கினார். உள்ளே, அவருக்காக ஊற்றி வைத்த பூப்போட்ட கோப்பை தொடப்படாமல் ஆறிக்கொண்டிருந்தது.

* * *

டவருக்குக் கீழே காவலரின் மனைவி சாக்கின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இந்த முறை பாத்திரங்கள் சத்தமில்லாமல் வெளியே வந்தன. சூரியன் தீவுக்குப் பின்னால் இறங்கியது. கூழாங்கல் மேட்டில் ஆலாக்கள் அடங்கி உட்கார்ந்திருந்தன. மச்சான் அந்தப் பக்கமே போகவில்லை, சுற்றிக்கொண்டு வந்தான்.

"அடுத்த வருஷம் தீவுக்குத் திரும்ப வருமா?" என்று கேட்டான்.

"தெரியலை தம்பி," என்றார் காவலர். "ஒரு தடவை பயந்துட்டா வராமயும் போயிடும்."

அவர் உள்ளே போய் டீ கொண்டுவந்தார். அதே டம்ளர். அதே விளிம்பு. நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொண்டு, "நீங்க குடிக்கமாட்டீங்கல்ல, மறந்துட்டேன்," என்றார்.

சுத்தக்காரர் அந்தக் கையிலிருந்து டம்ளரை வாங்கினார். துடைக்கவில்லை. மச்சான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

"இன்னொரு டம்ளர் கிடைக்குமா?" என்றார்.